மாடிப்படியில் குடியிருந்த சிங்கம்

பிர்க்கன்ரோடா கோட்டை வாசலிலிருந்து முதலில் இறங்கி வந்தது சேவல்தான். சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மலை உச்சித் தரிப்பில் யோகமலர் பஸ்ஸின் முன்கதவைத் திறந்தபோது, மணற்கல்லில் செதுக்கிய அந்தச் சேவல், கொண்டையில் பாசியும் கழுத்தில் நூற்றைம்பது வருட மழைக் கறுப்புமாக, படியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலையும் வைத்து, டக்டக்கென்று நடந்துபோய் யன்னலோர ஆசனத்தில் ஏறிக்கொண்டது. யோகமலர் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். நாய்க்குச் சிறுபிள்ளை டிக்கெட், கூட்டுக்குள் இருக்கிற கோழிக்கு டிக்கெட் இல்லை, சைக்கிளுக்குத் தனி டிக்கெட் என்று பஸ் கொம்பனி சொல்லித் தந்த விதிகளில் கற்சேவலைப் பற்றி ஒன்றும் இல்லாதபடியால், பஸ் நேரம் தவறக்கூடாது என்ற பெரிய விதியை மட்டும் நினைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, பிரேக்கை விட்டு, மலையிறங்கத் தொடங்கினாள்.

அந்தக் கோட்டை வாசல் ஜேர்மனியில் பெயர்போன வாசல். அந்த நாட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பழைய காலந்தொட்டுச் சங்கம் சங்கமாகச் சேர்ந்து, ஒரே நிறத் தொப்பியும் நெஞ்சுக்குக் குறுக்கே நாடாவும் போட்டு, பியர் குடித்துப் பாட்டுப் பாடி, தங்களுக்குள் வாள் வீசிக் கன்னத்தில் தழும்பு வாங்கி, அந்தத் தழும்போடே வைத்தியராகவும் நீதிபதியாகவும் ஆகி, தலை நரைத்த பிறகும் சங்கத்தை விடாமல் வருடத்துக்கு ஒருமுறை எங்காவது ஒரு கோட்டையில் கூடுவார்கள். பிர்க்கன்ரோடாவில் கூடியவர்கள் ஆளாளுக்குத் தங்கள் சின்னத்தைக் கேடயமாக வாசற்கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். ஒரு சங்கத்துக்குச் சேவல், ஒன்றுக்குக் கரடி, ஒன்றுக்குக் கொக்கு, ஒன்றுக்கு நரி. வளைவின் உச்சியில், எல்லாவற்றுக்கும் மேலே, பின்னங்கால்களில் எழுந்து நின்று வலது முன்னங்காலில் வாளை உயர்த்திப் பிடித்த சிங்கம். அந்தச் சங்கங்களுக்கு நீளமான லத்தீன் பெயர்கள் இருந்தன. ஊர்ச்சனம் அவற்றை மனதில் வைத்துக்கொள்ளச் சிரமப்படாமல் சேவற்காரர், கரடிக்காரர், சிங்கக்காரர் என்றே சொல்லிவந்தது.

சேவல் சந்தைச் சதுக்கத்தில் இறங்கி நீரூற்றின் விளிம்பில் ஏறி நின்றது. கூவவில்லை. கூவாத சேவல் நல்ல சேவல் என்று எதிரே இருந்த பேக்கரிக்காரி சொன்னாள், அதோடு அந்த விஷயம் முடிந்தது. அடுத்த கிழமை கரடி வந்தது. அது நின்ற பக்கம் பஸ் சாய்ந்ததால் யோகமலர் மைக்கில், தயவுசெய்து நடுவில் வந்து நிற்கவும் என்று சொல்ல, கரடி நடுவில் வந்து நின்றது. தேவாலயத்தின் கடைசி வாங்கிலுக்குக் கீழே தளம் பலமானது என்பதால் பாதிரியார் அதை அங்கே இருக்கவிட்டார், வருடக்கணக்காகக் காலியாகக் கிடந்த அந்த வாங்கிலில் கரடிக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் நேரத்தோடு வரத் தொடங்கினார்கள். கொக்கு முதியோர் இல்லத்துத் தோட்டத்தில் போய் ஒற்றைக்காலில் நின்றது. பிள்ளைகளின் பெயரை மறந்தவர்கள் அதன் முன்னால் கதிரையைப் போட்டு, மறக்காத எல்லாவற்றையும் அதற்குச் சொன்னார்கள். நரி சிவப்பு விளக்கில் வீதியைக் கடந்தது. பொலிஸ்காரர் அதை மறித்து, சின்னப் பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். நரி அதற்குப் பிறகு பச்சை வரும்வரை நின்றுதான் கடந்தது.

நகரசபை கூடியது. கல் மிருகங்கள் நீரூற்றில் குளிக்கக்கூடாது என்றும், சைக்கிள் பாதையில் நடக்கக்கூடாது என்றும், மற்றபடி நல்வரவு என்றும் தீர்மானித்தது. காப்புறுதிக்காரர் வந்து அளந்து பார்த்து, இவை மிருகங்கள் அல்ல, கட்டடத்திலிருந்து தற்காலிகமாக வெளியே சென்றிருக்கும் கட்டடப் பகுதிகள் என்று விளக்கம் கொடுத்ததில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. ஏன் இறங்கி வந்தன என்று கேட்டவர்களும் உண்டு. வாசலைக் கழுவிய மருந்து சரியில்லை என்றார் ஒருவர், பனி குறைந்ததால் என்றார் இன்னொருவர். யோகமலர் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர் பிரோமல் என்பவர், ஒரே இடத்தில் நின்றால் யாருக்கும் அலுக்கும்தானே என்றார். வைகாசி பிறக்கும்போது அந்தக் கேள்வியும் ஊருக்கு அலுத்துப்போய், கோட்டை பஸ்ஸில் ஏறுபவர்கள் கரடி இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் பத்திரிகையை விரிக்கும் அளவுக்கு எல்லாம் வழமையாகிவிட்டது.

சிங்கம் கடைசியாக வந்தது.

அது வந்த பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. வாளைத் தூக்கிப் பிடித்தபடியே படியேறி, கூரையில் வாள்முனை உரசாமல் தலையைத் தாழ்த்தி, நடுப்பாதையில் நீளமாக உட்கார்ந்தது. சதுக்கத்தில் இறங்கவில்லை. ஸ்டேஷனில் இறங்கவில்லை. யோகமலர் பஸ்ஸைக் கொட்டகையில் விட்டு, திறப்பைக் கொடுத்து, குடையை விரித்து நடந்தபோது, பின்னால் கல் நடக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். சிங்கமும் நின்று அவளைப் பார்த்தது. அவள் குடையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ரயில்பாதை ஓரத்துக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் அவர்களுடைய வீடு. அவளுடைய கணவர் சிவபாதம் டயர் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து, வைத்தியரிடம் போவதைத் தவிர வேறு எதற்கும் வாசற்படி தாண்டாத மனிதர். சாரமும் கம்பளிச் சட்டையுமாக யன்னலோரக் கதிரையில் இருந்து, ரயில்கள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்ப்பதே அவருடைய நாள்.

"இஞ்சாருங்கோ, கதவைத் திறவுங்கோ" என்றாள் யோகமலர். "ஆள் ஒண்டு கூட வந்திருக்கு."

சிவபாதம் கதவைத் திறந்தார். சிங்கத்தைப் பார்த்தார். வாளைப் பார்த்தார்.

"இது இஞ்ச என்ன செய்யுது?"

"பஸ்ஸால இறங்கேல்லை. பிறகு எனக்குப் பின்னால வந்திட்டுது."

"வாளோட வந்திருக்கு."

"கல்லு வாள்தானே."

"கொடியில வாள் பிடிச்ச சிங்கத்துக்குப் பயந்துதான், மலர், நான் ஊரை விட்டு ஓடி வந்தனான். இவ்வளவு கடலைத் தாண்டி, இவ்வளவு பனியைத் தாண்டி வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறன். இப்ப அது பஸ் பிடிச்சு வீட்டுக்கே வந்திட்டுது."

"அது வேற சிங்கம், இது ஜேர்மன் சிங்கமப்பா."

"சிங்கத்துக்கு என்ன பாஸ்போட்? இதை உள்ள விட்டா நான் வெளிய போயிடுவன், சொல்லிப்போட்டன்."

"நீங்கள் வெளிய போனா நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பன்" என்றாள் யோகமலர்.

அவர் கதவைச் சாத்தினார். அவளை உள்ளே எடுத்துக்கொண்டுதான் சாத்தினார். சிங்கம் வெளியே, இரண்டாம் மாடிக்கும் முதலாம் மாடிக்கும் இடையில் படி திரும்புகிற சதுரத்தில், வாளைத் தூக்கிப் பிடித்தபடி படுத்துக்கொண்டது.

மாடிப்படியில் சிங்கம் இருப்பதில் கட்டடத்தில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. சிங்கத்திலிருந்து மண் கொட்டுவதில்தான் ஆட்சேபம். மணற்கல் அல்லவா, அது மூச்சு விட்டாலே கொஞ்சம் உதிரும். மூன்றாம் நாள் பிரோமல் வந்து மணி அடித்தார்.

"உங்கள் சிங்கம் மண் கொட்டுகிறது."

"அது என்னுடைய சிங்கம் இல்லை" என்றார் சிவபாதம் ஜேர்மன் மொழியில்.

"உங்கள் படியில் இருக்கிறது. இந்தக் கிழமை படி கூட்டுகிற முறையும் உங்களுடையது." பிரோமல் கெட்ட மனிதர் இல்லை. படி கூட்டுகிற முறை என்பது அந்த ஊரில் எவராலும் மீறமுடியாத ஒன்று.

யோகமலர் வேலைக்குப் போயிருந்தாள். ஆகையால் சிவபாதம் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினார். சிங்கத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே கூட்டினார். கூட்டி முடித்து உள்ளே வந்து கைகழுவித் தேத்தண்ணி குடித்துவிட்டு எட்டிப் பார்த்தால், திரும்பவும் மண். மீண்டும் போனார். பின்னேரமும் போனார். மறுநாள், "காலைத் தூக்கு" என்றார். சிங்கம் காலைத் தூக்கியது. அதற்கடுத்த நாள், "மற்றக் காலையும் தூக்கினா என்ன, உனக்கு ஆள் வச்சுச் சொல்லோணுமோ" என்றார். கூட்டுகிற முறை பிரோமலுக்கு மாறிய கிழமையிலும், அந்தாளுக்கு மூலை முடுக்குக் கூட்டத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு சிவபாதமே கூட்டினார். கூட்டின மண்ணை ஒரு வாளியில் சேர்த்து, கீழே இறங்கிப்போய் முற்றத்து ரோசாச் செடிகளுக்குப் போட்டார். அப்படி இறங்கின இடத்தில் மூன்றாம் மாடித் துருக்கிக்காரி ரோசாவுக்கு மண் மட்டும் போதாது, முட்டைக் கோதும் போடவேண்டும் என்று சொல்ல, அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் நின்று வாதாடினார். யோகமலர் வேலையால் வந்து முற்றத்தில் தன் கணவரைக் கண்டு, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, ஒன்றும் கேளாமல் மேலே ஏறிப்போனாள்.

அவளுக்கு ஓய்வு நாளான ஒரு மத்தியானம், குசினியில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தபோது, சாத்தாத கதவு வழியாக அவருடைய குரல் கேட்டது. தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார். டெலிபோனாக்கும் என்று நினைத்தாள். பிறகு தும்புத்தடியின் சத்தமும் நடுநடுவே கேட்டது.

"அண்ணன்ர பேர் குலசிங்கம். அவன்ர பேரிலயே சிங்கம் இருந்தது, தெரியுமோ உனக்கு? நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில வந்துகொண்டிருந்தனாங்கள். ஆமிச் சாவடியில தார்ப்பீப்பாவில உன்னை மாதிரி ஒண்டைக் கீறி வச்சிருந்தவங்கள், வாளும் கையுமா. வடிவாக் கீறேல்லை, நாய் மாதிரி இருந்தது. அண்ணன் பாத்திட்டு, 'பாரடா, என்ர பேரை எழுதத் தெரியாமப் படமாக் கீறி வச்சிருக்கிறாங்கள்' எண்டான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவனுக்கும் சிரிப்பு. பிறகு உள்ள ஏறினவங்கள் அவனைக் கூப்பிட்டாங்கள். பஸ்ஸால இறங்கினான். முன்படியால. இறங்கேக்க என்ர தோளில ஒருக்காத் தட்டிப்போட்டு இறங்கினான். பஸ்ஸை எடுக்கச் சொல்லிட்டாங்கள். அவ்வளவுதான். கொஞ்சம் அரக்கு, உனக்குக் கீழயும் மண் கிடக்கு."

யோகமலர் கத்தியைக் கீழே வைத்தாள். குலசிங்கம் மச்சானைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், கலியாணம் பேசின காலத்திலேயே தெரியும். பஸ்ஸிலிருந்து என்று தெரியாது. அவள் நாற்பது வயதில் சோதனை எழுதி, அந்த ஊரின் முதல் பெண் சாரதியாகி, மேயரம்மா பூச்செண்டு கொடுத்துப் படமெடுத்த நாளில்கூட இந்த மனிதர் அவள் ஓட்டின பஸ்ஸில் ஏறவில்லை. மனைவி சாரதியாக இருப்பது வெட்கமாக்கும் என்று அவள் நினைத்தாள். நினைத்து, முதலில் கோபப்பட்டு, பிறகு கோபத்தையும் மறந்து, இந்த மனிதர் இப்படித்தான் என்று விட்டுவிட்டாள். இத்தனை வருடம் ஒரு கட்டிலில் படுத்தவளுக்குச் சொல்லாததை மாடிப்படியில் ஒரு கல்லுக்குச் சொல்லுகிறாரே என்று ஒரு கணம் பொல்லாத எரிச்சல் வந்தது. அடுத்த கணம் லீக்ஸை அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு, சத்தமாகவே அழுதாள். லீக்ஸ் அரிந்தால் கண் எரியும் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. வெளியே தும்புத்தடிச் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

பெந்தெகொஸ்தே என்கிற கிறிஸ்தவத் திருநாள் நெருங்கியது. சங்கக்காரர் கூடுகிற நாள் அது. வழக்கமாக அந்தக் கிழமை ஊரின் விடுதியெல்லாம் நிரம்பி, நிறநிறத் தொப்பிகள் மலையேறி, பாட்டும் பியருமாகக் கோட்டை இடிபடும். இந்த வருடம் வந்தவர்கள் வாசலில் வெறும் கேடயங்களைப் பார்த்தார்கள். மேயரம்மா சைடல் நடந்ததை விளக்கி, ஒவ்வொருவரின் மிருகமும் எங்கே இருக்கிறது என்று வழி சொன்னார். சேவற்காரர் சதுக்கத்துக்குப் போய் நீரூற்றைச் சுற்றி நின்று தங்கள் பாட்டைப் பாட, சேவல் முதல் தடவையாகக் கூவியது, பேக்கரிக்காரி இரண்டு தரப்பையும் மன்னித்தாள். கரடிக்காரர் கடைசி வாங்கிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பாதிரியாரின் நீண்ட பிரசங்கம் முழுவதையும் கேட்டார்கள். கொக்குக்காரரில் வயதானவர் ஒருவர் முதியோர் இல்லத்துத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, அங்கே காலியான அறை ஏதும் உண்டா என்று விசாரித்தார். ஆக, எல்லோரும் தங்கள் தங்கள் மிருகம் இருந்த இடத்தில் கூட்டத்தை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள்.

சிங்கக்காரர் மட்டும் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய புதிய உறுப்பினர்கள் ஒவ்வொரு வருடமும் ஏணி வைத்து ஏறி, சிங்கத்தின் வாளைத் தொட்டு உறுதிமொழி எடுக்கவேண்டும். வாசலுக்கு மேலே வாள் இல்லையென்றால் உறுதிமொழி இல்லை, உறுதிமொழி இல்லையென்றால் சங்கம் இல்லை என்றார் அவர்களின் தலைவர் டொக்டர் ஓல்மன். ஓய்வுபெற்ற கண் வைத்தியர், நெடிய மனிதர், இடது கன்னத்தில் காதுவரை ஓடின பழைய தழும்பு.

சனிக்கிழமை மத்தியானம், யோகமலர் வேலைக்குப் போகச் சீருடை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் படியேறி வந்தார். பின்னால் சிவப்புத் தொப்பி போட்ட வாட்டசாட்டமான பொடியன்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு கல்தச்சர்.

"அது எங்களுடையது" என்றார் டொக்டர், மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

"கொண்டுபோங்கள்" என்றார் சிவபாதம். "நான் முதல்நாளே வேண்டாம் என்று சொன்னவன்."

பொடியன்கள் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார்கள், வாலைப் பிடித்துப் பார்த்தார்கள். சிங்கம் அசையவில்லை. பட்டி போட்டு இழுத்தார்கள். படிதான் முனகியது. கீழே பிரோமல் தலையை நீட்டி, கைப்பிடிக்குப் பெயின்ற் அடித்து ஒரு மாதமும் ஆகவில்லை என்று ஞாபகப்படுத்தினார். கல்தச்சர் சுற்றிவந்து பார்த்து, முழுதாக இறக்க ஏலாது, இடுப்போடு இரண்டாக அறுத்து இறக்கி, மேலே கொண்டுபோய்ப் பொருத்தலாம், பொருத்து வெளியே தெரியாது என்றார். பெட்டியைத் திறந்து வாளை எடுத்தார். மரம் அறுக்கிற வாள் இல்லை, கல் அறுக்கிற மின்சார வாள்.

சிவபாதம் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். இறங்கிப்போய் சிங்கத்துக்கும் கல்தச்சருக்கும் நடுவில் படியில் உட்கார்ந்தார்.

"எழும்புங்கள், ஐயா" என்றார் டொக்டர்.

"எழும்பமாட்டேன்."

"உங்களுக்கு இது வேண்டாம் என்றீர்கள்."

"இப்பவும் வேண்டாம்." சிவபாதத்தின் ஜேர்மன் மொழி தொழிற்சாலையில் கற்றது, சின்னச் சின்ன வசனங்களால் ஆனது. "ஆனால் ஒருவரைப் படியால் இறக்கிக்கொண்டு போனதை நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன். பஸ் படி. என் அண்ணன். நான் சும்மா இருந்தேன். எனக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. நான் இங்கே இருப்பேன்."

கல்தச்சர் வாளைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார். யோகமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இதைத் தனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் சொல்லி முடித்ததும் அவர் நிமிர்ந்து அவளைத்தான் பார்த்தார்.

"தெரியும்" என்றாள் அவள் தமிழில். "அண்டைக்கு நீங்கள் இதுக்குச் சொல்லேக்க கேட்டனான்."

"கேட்டனீரோ" என்றார் சிவபாதம். பிறகு சிங்கத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. ஆர் கேட்டவை உன்னட்ட? போப்போறியோ, இருக்கப்போறியோ?"

சிங்கம் எழுந்தது. உடம்பை உதறியது, இரண்டு வாளி மண் கொட்டியது. அவரைத் தாண்டி, பொடியன்களைத் தாண்டி, பிரோமலின் கைப்பிடியில் வாள் படாமல் பக்குவமாக இறங்கி வீதிக்குப் போனது. எல்லோரும் பின்னால் போனார்கள். யோகமலருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டபடியால் அவள் முன்னால் ஓடினாள்.

அவள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு ரயில்பாதைத் தரிப்புக்கு வந்தபோது, அங்கே சிங்கமும், சிவப்புத் தொப்பிகளும், சாரத்துக்கு மேலே நீளக் கோட்டுப் போட்ட சிவபாதமும் வரிசையாக நின்றார்கள். சிங்கம் முதலில் ஏறியது. டொக்டரும் பொடியன்களும் ஏறினார்கள். சிவபாதம் முன்படிக்குக் கீழே நின்றார். படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். புறப்படுகிற நேரம் வந்தது, போனது. பின்னால் யாரோ மணிக்கூட்டைப் பார்த்தார்கள். சாரதியாகிய நாளிலிருந்து எந்தத் தரிப்பிலும் பிந்தாத யோகமலர் இயந்திரத்தை நிறுத்தினாள். கதவைத் திறந்தபடியே விட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஏறுங்கோ என்று அவள் சொல்லவில்லை. சிங்கம் திரும்பி வந்து படியின் மேலே நின்று, பிடரியைக் கீழே நீட்டியது. சிவபாதம் அந்தப் பிடரியில் கையை வைத்து ஏறினார்.

கோட்டை வாசலில் தொப்பிக்காரர் எல்லோரும் கூடியிருந்தார்கள். சிங்கம் கூட்டத்துக்கு நடுவால் போய், தூணில் நகம் ஊன்றி, வளைவின் உச்சிக்கு ஏறி, தன்னுடைய வெறும் கேடயத்துக்குள் காலை வைத்து, முதுகைப் பொருத்திக்கொண்டது. பின்னங்கால்களில் எழுந்து நின்றது. வாள் உயர்ந்தே இருந்தது. கைதட்டினார்கள். ஏணியைச் சாத்தினார்கள். பொடியன்கள் உறுதிமொழிக்கு வரிசையாக நின்றார்கள்.

சிவபாதம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்.

"இவ்வளவு காலமாத் தூக்கிப் பிடிச்சிருக்கிறாய். கை உளையாதோ?"

சிங்கம் கீழே பார்த்தது. வாள் பிடித்த கை மெல்ல மெல்ல இறங்கியது, தோளுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, வாளின் முனை தன் காலடிக் கல்லில் போய் ஊன்றி நின்றது. ஒரு கைப்பிடி மண் உதிர்ந்தது. அதற்குப் பிறகு சிங்கம் திரும்பவும் அசையாத கல்லாகிவிட்டது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கொடியில் சிங்கம் வாளைத் தூக்கியிருக்கிறது, தொப்பி முத்திரையில் தூக்கியிருக்கிறது, இப்போது என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். டொக்டர் ஓல்மன் அண்ணாந்து இறங்கின வாளைப் பார்த்தார். பிறகு சிவபாதத்திடம் வந்து, அவர் என்ன கேட்டார் என்று கேட்டார். சிவபாதம் அதை ஜேர்மன் மொழியில் சொன்னார்.

டொக்டரின் கை தானாகத் தன் வலது தோளுக்குப் போனது. "எனக்கு அப்போது பத்தொன்பது வயது" என்றார். "வாளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முதலில் பழக்குவார்கள். தோள் நெருப்பாக எரியும். இறக்கலாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை."

அவர் திரும்பி, வரிசையில் நின்ற பொடியன்களைப் பார்த்து, ஏணியை இன்னும் இரண்டு படி கீழே வைத்துக் கட்டுங்கள், வாள் இப்போது அங்கேதான் இருக்கிறது என்றார். அந்த வருடத்து உறுப்பினர்கள் இறங்கின வாளைத் தொட்டு உறுதிமொழி எடுத்தார்கள். கொடியையும் முத்திரையையும் மாற்றுவதைப் பற்றி அவர்கள் பின்னர் பல கூட்டங்களில் சண்டை பிடித்தார்கள் என்று கேள்வி. மற்ற மிருகங்கள் ஆவணி வரையில் ஊரிலே இருந்துவிட்டு, ஒன்று ஒன்றாகப் பஸ்ஸேறி மேலே போயின. நரி மட்டும் போகவில்லை.

ஆனால் அன்றைக்கு, சிங்கம் கல்லான பின்னேரம், யோகமலர் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். சிவபாதம் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தானாக நடந்து வந்து, முன்படியால் ஏறி, அவளுக்கு நேர் பின்னால் இருந்த ஆசனத்தில் உட்கார்ந்தார். பஸ் மலையிறங்கியது. பீச் மரங்களுக்கு இடையால் ஆறு தெரிந்து மறைந்தது. அந்த ஊருக்கு வந்து முப்பது வருடமாகியும் அவர் அந்த ஆற்றை மேலேயிருந்து பார்த்ததில்லை. சந்தையில் ஆட்கள் இறங்கி, வேறு ஆட்கள் ஏறினார்கள். பையும் கையுமாக வந்த ஒரு கிழவிக்கு அவர் அரக்கி இடம் விட்டார். ரயில்பாதைத் தரிப்பு வந்தது. யோகமலர் கதவைத் திறந்தாள். அவர் எழும்பவில்லை. அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

"எங்கட தரிப்பு வந்திட்டுதப்பா" என்றாள்.

"தெரியும்" என்றார் சிவபாதம், யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "நீர் ஓட்டும்."